யானை வார்த்த நீரும் சிலந்தி தந்த நிழலும்

திருச்சிராப்பள்ளி மாநகரின் வடபால், காவிரியும் கொள்ளிடமும் இருபுறம் அணைத்து ஓடும் தீவில், திருவரங்கத்துக்குக் கிழக்கே அமைந்திருப்பது திருவானைக்காவல். பஞ்சபூதத் தலங்களுள் இது அப்புத் தலம், நீருக்கு உரியது. அன்னை அகிலாண்டேஸ்வரி காவிரி நீரைக் கைகளால் அள்ளித் திரட்டி, அதையே சிவலிங்கமாக்கி வழிபட்டாள் என்று தலபுராணம் கூறுகிறது. ஜம்புகேஸ்வரரின் கருவறை தாழ்வான தளத்தில் அமைந்தது. அங்கே லிங்கத் திருமேனியைச் சுற்றி நீர் கசியும். மழைக்காலத்தில் அக்கசிவு பெருகும். ஒன்பது துளைகள் கொண்ட சாளரத்தின் வழியே இறைவனைத் தரிசிக்கும் அடியார்கள் அந்த ஈரத்தையும் சேர்த்தே தரிசிக்கின்றனர்.

அந்த ஈரம் கோயிலுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் இருந்த பழைய வீடுகள் நீண்டு கிடந்தவை. வாசலில் திண்ணை, அடுத்து ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, அதற்கும் பின்னால் கொல்லை. முற்றத்தில் வெயில் விழும் இடத்தில் துளசி மாடம். கொல்லையில் கிணறு. நீர் இறைக்கும்போது சிந்தியதும் கைகால் அலம்பியதும் வழிந்தோடும் வாய்க்கால் ஓரத்தில் வாழையும் சேம்பும் நின்றன. அவற்றின் நிழலில், யார் நட்டது என்று ஒருவருக்கும் நினைவில்லாத புதினாப் படுகை ஒன்று படர்ந்து கிடக்கும். துவையலுக்கு இலை வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி கிள்ளிவந்தால் போதும். அதற்கென்று எவரும் நீர் ஊற்றியதில்லை, உரம் இட்டதுமில்லை.

இன்று அவ்வீடுகளில் பல அடுக்ககங்களாகிவிட்டன. கிணறு தூர்ந்து ஆழ்துளைக் குழாய் இறங்கியிருக்கிறது. கொல்லை இருந்த இடத்தில் வண்டிகள் நிற்கின்றன. இரண்டாம் மாடியிலும் மூன்றாம் மாடியிலும் குடியிருப்போருக்கு மண் என்பது பால்கனிச் சுவரோரம் வரிசையாக வைத்த நான்கைந்து தொட்டிகள்தாம். அவற்றுள் ஒன்றில் துளசி இருப்பது உறுதி. அதன் அருகில் பெரும்பாலும் புதினா இருக்கும்.

காலையில் நீராடி வந்ததும் துளசிக்கு ஒரு செம்பு நீர். அதே கையோடு புதினாவுக்கும் ஒரு செம்பு. இரண்டும் நெடுநாள் சேர்ந்து வாழ்வதில்லை. சித்திரை வெயிலில் புதினா கருகுகிறது; ஐப்பசி அடைமழையில் துளசி அழுகுகிறது. புதினா போனால் சந்தையில் ஒரு கட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடும் குடும்பம், துளசி வாடினால் கலங்கிப்போகிறது. வீட்டுக்கு ஏதோ கெடுதல் வரப்போகிறது என்று முதியவர்கள் மனம் சோர்கின்றனர். ஆகாத நாளில் மருமகள் தொட்டிருப்பாளோ என்ற பேச்சும் சில வீடுகளில் எழுவதுண்டு. தொட்டியின் அடியில் வெளியேற வழியின்றித் தேங்கிய நீருக்காக ஒரு பெண்ணின் மேல் பழி விழுகிறது. சிறிய செய்தி என்று இதைத் தள்ளிவிட இயலாது.

இவ்விரு செடிகளும் உண்மையில் ஓர் இனத்தவை. துளசி, திருநீற்றுப்பச்சை, மரு, கற்பூரவல்லி, புதினா ஆகிய ஐந்தையும் தாவர நூலார் லேமியேசி என்னும் ஒரே குடும்பத்தில் வைக்கின்றனர். தண்டை இரு விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் அது உருண்டையாக இராது. பெரும்பாலும் நான்கு பட்டையாக இருப்பது புலப்படும். இலைகள் இணை இணையாக, ஒன்றுக்கொன்று எதிரே அமைந்திருக்கும். ஓர் இணை கிழக்கு மேற்காக நின்றால் அடுத்த இணை வடக்கு தெற்காக நிற்கும். வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டினால் அவர்கள் மறக்கமாட்டார்கள்.

குடும்பம் ஒன்றாயினும் குணம் ஒன்றன்று. துளசி முற்றத்து வெயிலில் வளர்ந்தது. புதினா கிணற்றடி ஈரத்தில் வளர்ந்தது. வீட்டின் இரு வேறு மூலைகளில் இருந்தவற்றை ஒரே சுவரோரம் நிறுத்தி, ஒரே அளவு நீரும் ஒரே வெயிலும் கொடுப்பதே தவறு. துளசித் தொட்டியும் புதினாத் தொட்டியும் அருகருகே இருந்தால் ஒன்றுக்கு உகந்தது மற்றொன்றுக்கு ஊறு என்பதை அறிந்துதான் நீர் வார்க்க வேண்டும். இதைக் கற்பிக்கப் புதினாவே ஏற்றது. தாகம் எடுத்தால் அது உடனே தலை சாய்த்துக் காட்டும். நீர் கிடைத்ததும் ஒரு நாழிகைக்குள் நிமிர்ந்துவிடும். துளசி அப்படிச் சொல்லாது. வேர் அழுகி நெடுநாள் கழிந்தபின்தான் இலை உதிர்க்கும்.

திருவானைக்காவின் தலவரலாற்றில் இதற்குப் பொருத்தமான காட்சி ஒன்று உண்டு. வெண்ணாவல் மரத்தடியில் இருந்த சிவலிங்கத்தை ஒரு யானையும் ஒரு சிலந்தியும் வழிபட்டன. யானை நாள்தோறும் காவிரி நீரைத் துதிக்கையில் முகந்துவந்து அபிஷேகம் செய்தது, மலரும் கொணர்ந்தது. சிலந்தி, மரத்தின் சருகுகள் இறைவன் மீது விழாதபடி மேலே வலை பின்னி விதானமிட்டது. யானையின் கண்ணுக்கு அந்த வலை தூசு. சிலந்தியின் கண்ணுக்கு அந்த யானை தன் திருப்பணியை அழிக்கும் பகை. வலையை யானை சிதைக்க, சினந்த சிலந்தி துதிக்கையுள் புகுந்து கடிக்க, இரண்டும் மடிந்தன. சிலந்தியே பின்னர்க் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற இயலாத மாடக்கோயில்களை எழுப்பியது என்பர். ஒன்று நீர் தந்தது, மற்றொன்று நிழல் தந்தது. இரண்டும் அன்பினால் செய்தவையே. தொட்டியில் புதினா வளர்ப்போர் இந்த இருவரின் பணியையும் சண்டையின்றிச் செய்ய வேண்டியிருக்கிறது. காலையில் யானையாகவும் உச்சிப்பொழுதில் சிலந்தியாகவும் இருத்தல் வேண்டும்.

தொட்டியில் வளர்ப்பது குறைவா?

நிலமில்லாதவர்கள் வேறு வழியின்றித் தேடிய ஏற்பாடுதான் தொட்டிச் செடி என்று கருதுவோர் உளர். கோயில் வழக்கம் அவ்வாறு கருதவில்லை. பெருவிழா தொடங்குமுன் நிகழும் அங்குரார்ப்பணத்தில், முறைப்படி எடுத்துவந்த மண்ணைப் பாலிகை, கடிகை, சராவம் என்னும் பாத்திரங்களில் இட்டு, பாலில் ஊறிய தானிய விதைகளைத் தெளித்து முளைக்க வைக்கின்றனர். திருமணத்தில் சுமங்கலிகள் பாலிகை தெளிப்பதும், அம்மன் கோயில் விழாக்களில் பெண்கள் முளைப்பாரி வளர்த்துச் சுமப்பதும் அதே மரபின் கிளைகள். கொடியேற்றமும் தேரோட்டமும் பின்னால் வருபவை. விழாவின் முதற்செயல் ஒரு சிறு பாத்திரத்தில் பயிர் வளர்ப்பதே.

இத்தலத்து வெண்ணாவலின் கதை இன்னும் வியப்பானது. சம்பு முனிவர் இறைவனுக்கு வெண்ணாவற் கனியைப் படைத்தார். இறைவன் உண்டு உமிழ்ந்த விதையை முனிவர் பிரசாதமாக விழுங்கினார். அது அவர் வயிற்றில் முளைத்து, சிரசைப் பிளந்துகொண்டு மரமாகக் கிளைத்தது. அந்த மரத்தடியில்தான் ஈசன் கோயில் கொண்டார். மண்ணில்லாத இடத்தில் ஒரு மரத்துக்குத் தம் உடலையே தொட்டியாகத் தந்தவர் பெயரால்தான் சுவாமிக்கு ஜம்புகேஸ்வரர் என்று திருநாமம்.

அருகிலுள்ள திருவரங்கத்தில் தோட்டமே வாழ்வாக இருந்தவர் தொண்டரடிப்பொடியாழ்வார். திருமண்டங்குடியில் பிறந்த அவர், அரங்கனுக்கு நந்தவனம் அமைத்து, துளசியும் மலரும் வளர்த்து, மாலை தொடுத்துச் சாத்துவதையே கைங்கரியமாகக் கொண்டார். அவர் திருவுருவத்தில் பூக்குடலை இருப்பது இதனால்தான். திருமங்கையாழ்வார் திருமதில் எழுப்பியபோது அது இந்த நந்தவனத்தின் குறுக்கே செல்ல நேர்ந்தது. கல் மதிலைச் செடிகளுக்காக ஒதுக்கிக் கட்டினார் திருமங்கையாழ்வார். அந்த அன்பை எண்ணி, தொண்டரடிப்பொடியார் தம் தோட்டக் கருவிக்கு அவர் பெயர்களுள் ஒன்றான ‘அருள்மாரி’ என்பதையே சூட்டினார் என்று வைணவப் பெரியோர் கூறுவர். மதிலும் மாடியும் செடிக்கு இடம்விட்டு ஒதுங்கிய ஊர் இது.

அர்ச்சனைக்குரிய இலைகளின் வரிசையில் புதினாவுக்கு இடமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வில்வம் சிவனுக்கு, துளசி திருமாலுக்கு, அறுகு விநாயகருக்கு, வேம்பு அம்மனுக்கு. புதினா அடுக்களைக்கு உரியது. அதன் பெயரே பாரசீக மொழியிலிருந்து வந்தது. ஆயினும் மேலைநாட்டில் அதற்கும் ஒரு புராணம் உண்டு. மிந்தே என்னும் நீர்மகள் மீது பாதாள உலகின் அரசன் ஆசை கொள்ள, அவன் மனைவி சினந்து அவளைச் செடியாக்கிவிட்டாள் என்று கிரேக்கர் கூறினர். தாவர நூலார் புதினாவுக்கு இட்ட ‘மெந்தா’ என்னும் பெயர் அவள் பெயரோடு தொடர்புடையது. பிருந்தை துளசியான கதையை அறிந்த நம் குடும்பங்களுக்கு இது அயலாகத் தோன்றாது.

பூசை இலை அன்று என்பதில் ஒரு நன்மையும் உண்டு. துளசியைத் துவாதசியில் பறிக்கலாகாது, அந்தி சாய்ந்தபின் பறிக்கலாகாது என்றெல்லாம் நியமங்கள் இருக்கின்றன. புதினாவுக்கு நாளுமில்லை, திதியுமில்லை. அச்சமின்றித் தொட்டுப் பழகுவதற்கு, பிழை செய்து திருத்திக்கொள்வதற்கு ஏற்ற செடி அதுவே.

கிணற்றடியை மாடியில் அமைத்தல்

நாட்டுப் புதினாவை விதையிலிருந்து வளர்க்க முயல்வது வீண். விதை எளிதில் முளைக்காது. முளைத்தாலும் தாய்ச் செடியின் மணம் அப்படியே வருவதில்லை. சமையலுக்கு வாங்கிய கட்டிலிருந்தே தொடங்கலாம். பென்சில் முனையினும் மெலிந்த இளந்தண்டுகளை விட்டு, சற்றே தடித்த, கணுக்கள் தெளிவாகத் தெரியும் ஆறேழு தண்டுகளைத் தேர்ந்துகொள்க. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளம் இருக்கட்டும். நுனியில் இரண்டு மூன்று இணை இலைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளித் துவையலுக்குக் கொடுத்துவிடலாம். இலை நீக்கிய கணுக்களில் இரண்டேனும் நீருக்குள் மூழ்கும்படி ஒரு கண்ணாடி டம்ளரில் வைத்து, நேர் வெயில் படாத சன்னல் ஓரத்தில் வைக்க வேண்டும். இரு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றாவிட்டால் தண்டு வழுவழுத்து நாறும். ஒரு வாரம் முதல் இரு வாரத்துக்குள் கணுக்களிலிருந்து வெள்ளை நூல்போல் வேர் இறங்கும். வேர் ஒரு விரற்கடை நீண்டதும் மண்ணுக்கு மாற்றிவிடலாம்.

தொட்டியைப் பொறுத்தவரை ஆழத்தினும் அகலமே இன்றியமையாதது. புதினா கீழ்நோக்கி ஆழமாக வேர் விடுவதன்று. மண்ணுக்குச் சற்று அடியிலும் மேலும் கிடைமட்டமாகக் கொடி ஓட்டி, ஒவ்வொரு கணுவிலும் வேரூன்றிப் பரவுவது அதன் இயல்பு. ஆழம் 20 சென்டிமீட்டர், அகலம் 30 அல்லது அதற்கு மேல் என்றால் போதும். உடைந்த பிளாஸ்டிக் அன்னக்கூடை, குழந்தையைக் குளிப்பாட்டிய பழைய டப், பெயின்ட் வாளியை உயரம் குறைத்து அறுத்தது எல்லாமே உதவும். மண் தொட்டி பார்வைக்கு அழகு. ஆனால் அதன் பக்கங்கள் வழியே நீர் ஆவியாவதால், மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் திருச்சி வெயிலில் அது விரைவில் உலர்ந்துவிடும். துளசிக்கு அதுவே நலம், புதினாவுக்கு அன்று.

எந்தப் பாத்திரமாயினும் அடியில் ஐந்தாறு துளைகள் வேண்டும். துளையை மண் அடைக்காதபடி ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வைத்தால் போதும். கருவறையில் கசியும் நீரும் தேங்கி நிற்பதில்லை, எடுக்கப்படுகிறது. கிணற்றடியிலும் நீர் தேங்கவில்லை, வழிந்தோடிக்கொண்டே இருந்தது. ஈரம் என்பது வேறு, தேக்கம் என்பது வேறு. தேங்கிய நீரில் காற்று இல்லை. காற்றில்லா மண்ணில் வேர் அழுகும். புதினா ஈரத்தை விரும்புமே தவிரச் சேற்றை விரும்பாது.

காவிரிப் படுகையின் வண்டல் வளமானது என்பதால் அதையே தொட்டி நிறைய இட்டுவிடுவோர் பலர். வயலில் பொன்னாக விளையும் அந்த மண், தொட்டியில் நாள்தோறும் நீர் ஊற்ற ஊற்றக் கட்டியாக இறுகிவிடும். செம்மண் அல்லது வண்டல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு என்று கலந்தால் மண் பொலபொலப்பாகவும் ஈரம் காப்பதாகவும் அமையும். தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை 2013-14ஆம் ஆண்டில் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மாடித் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியபோது மக்களுக்கு அளித்த தொகுப்பிலும் இந்த நார்க்கழிவுதான் முதன்மையாக இருந்தது. எடை குறைவு என்பது மாடிக்கு அதன் சிறப்பு. கட்டியாக வாங்கும் நார்க்கழிவை நீரில் ஊறவைத்து ஓரிருமுறை பிழிந்துவிட்டுப் பயன்படுத்தினால் அதிலுள்ள உப்பு நீங்கும்.

இனி நீர். இத்தனை செம்பு என்று கணக்குச் சொல்ல இயலாது. சுட்டு விரலின் முதற்கணு வரை மண்ணில் நுழைத்துப் பார்க்க வேண்டும். ஈரம் தட்டுப்பட்டால் அன்று நீர் வேண்டா. உலர்ந்திருந்தால், அடித்துளை வழியே நீர் சொட்டும் வரை நிதானமாக ஊற்ற வேண்டும். பங்குனி முதல் ஆனி வரை காலை, மாலை இருவேளையும் தேவைப்படலாம். ஐப்பசி, கார்த்திகையில் பல நாள்கள் செம்பைத் தொடவே வேண்டியதில்லை. அரிசி களைந்த நீர் ஏற்றது. உப்புக் கரிக்கும் ஆழ்துளை நீரும், குடிநீர்க் கருவி கழித்துத் தள்ளும் நீரும் நாளடைவில் இலை ஓரத்தைப் பழுப்பாக்கும். தொட்டியின் கீழே தட்டு வைத்திருந்தால் அதில் தங்கும் நீரை அன்றாடம் கொட்டிவிடுதல் கட்டாயம். டெங்கு பரப்பும் கொசு அந்தச் சிறு நீரிலேயே முட்டையிடும்.

வெயில் நான்கு மணி நேரம் போதும், அதுவும் காலை வெயிலாக இருந்தால். கிழக்குப் பார்த்த பால்கனி வாய்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மேற்குப் பார்த்த வீடுகளில் பிற்பகல் வெயிலைத் தடுக்க, சித்திரை, வைகாசி மாதங்களில் பழைய வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடிக்கயிற்றில் விரித்துக் கட்டினால் அதுவே விதானம். சிலந்தி செய்ததும் இவ்வளவுதான்.

ஒருவேளை வேறு ஒரு சிலந்தி வரவும் கூடும். கடும் வறட்சியில் இலையின் மேற்புறம் ஊசி குத்தியதுபோல் வெளுத்த புள்ளிகள் தோன்றினால், இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடிப்புறத்தில் மெல்லிய வலையும், கண்ணுக்குப் புலப்படுமோ புலப்படாதோ என்னும் அளவில் செந்நிறப் புள்ளிகளும் இருந்தால் அது செஞ்சிலந்திப் பேன். இலைச் சாற்றை உறிஞ்சி வாழும் இதற்கு விதானம் கட்டும் பக்தி எதுவுமில்லை. இங்கே யானையின் பக்கம்தான் நியாயம். இலைகளின் அடிப்புறம் நனையும்படி நீரை வேகமாகப் பீய்ச்சி, சில நாள்கள் தொடர்ந்து கழுவினால் பெரும்பாலும் ஒழிந்துவிடும். ஆரஞ்சு நிறத் துருப்போன்ற கொப்புளங்கள் கண்டால் அது பூஞ்சை நோய். அத்தண்டுகளை அடியோடு வெட்டி அப்புறப்படுத்த வேண்டும், உரக்குழியில் சேர்க்கலாகாது.

உரம் பற்றிய ஒரு கேள்வி கோயிலுக்குச் செல்லும் குடும்பங்களில் தவறாமல் எழுகிறது. பூசையறையில் களைந்த நிர்மால்ய மலர்களை என்ன செய்வது? காலில் மிதிபடக்கூடாது என்பதால் முன்பு ஆற்றில் விட்டனர், அல்லது கொல்லையில் மரத்தடியில் இட்டனர். இன்று ஆற்றில் விடுவது ஆற்றுக்குக் கேடு. குப்பையில் போட மனம் ஒப்புவதில்லை. மூடியுள்ள வாளியில் காய்ந்த சருகோடு கலந்து போட்டு வந்தால் மூன்று மாதங்களில் மட்கிவிடும். நாரையும் நூலையும் முன்பே நீக்கிவிட வேண்டும். குங்குமமும் கற்பூரமும் கலந்தவை வேண்டா. ஆயினும் கடையில் வாங்கும் மலர்களில் பூச்சிமருந்து தெளித்திருக்கக்கூடும் ஆதலால், இந்த உரத்தை உண்ணும் இலைக்கு இடாமல் நந்தியாவட்டைக்கும் செம்பருத்திக்கும் இடுவதே அறிவுடைமை. அம்மலர் மீண்டும் பூசைக்கே வரும். புதினாவுக்குக் காய்கறித் தோலை மட்கவைத்த உரம் போதுமானது.

துளசித் தொட்டிக்கு

புதினாவில் பழகிய விரல் துளசித் தொட்டியிலும் நுழைந்து பார்க்கட்டும். அங்கே முதற்கணு அளவு மண் உலர்ந்த பிறகே நீர். நாள்தோறும் நீர் சமர்ப்பிக்கும் நியமம் உடையவர்கள் ஒரு உத்தரணி அளவு வார்த்தால் நியமமும் நிறைவேறும், வேரும் பிழைக்கும். துளசிக்கு ஆறு மணி நேர வெயில் தேவை. புதினாவுக்குக் கட்டிய வேட்டி நிழல் அதன்மேல் படாமல் தொட்டியை நகர்த்திவைக்க வேண்டும். கதிர்கள் முற்றுமுன் கிள்ளிவந்தால் செடி தழைக்கும். ஓரிரு கதிர்களை மட்டும் முற்றவிட்டு விதை எடுத்துவைப்பது முன்யோசனை. ஏனெனில் எவ்வளவு பேணினாலும் தொட்டித் துளசி இரண்டு மூன்று ஆண்டுகளில் மூப்படைந்து பட்டுப்போவது இயற்கை. அது எவருடைய குற்றமும் அன்று, எந்தக் கெடுதலின் அறிகுறியும் அன்று. மாடத்தில் பழைய செடியின் இடத்தில் அதன் விதையில் முளைத்த கன்றை வைப்பதே பழைய வீடுகளிலும் நடந்தது. கொல்லையில் கன்றுகள் தாமே முளைத்துக் கிடந்ததால் அது எவர் கண்ணையும் உறுத்தவில்லை.

இவ்விரண்டையும் ஒரே தொட்டியில் நடுவது மட்டும் கூடாது. புதினாவின் கொடி ஓராண்டுக்குள் துளசியின் வேரை நெருக்கிவிடும்.

நட்ட ஆறு முதல் எட்டு வாரங்களில் முதல் அறுவடை. இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளாமல், மண்ணிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை உயரத்தில், ஓர் இலை இணைக்குச் சற்று மேலே தண்டைக் கத்தரிக்க வேண்டும். அந்த இணையின் கக்கங்களிலிருந்து இரண்டு புதுக் கிளைகள் எழும். வெட்டத் தயங்கும் வீட்டில் புதினா நெட்டையாக வளர்ந்து, கீழ் இலை உதிர்ந்து, பூத்து, மணம் குன்றிப்போகும். வெட்ட வெட்டத் தழைக்கும் செடி இது. ஒவ்வொரு வெட்டுக்குப் பின்பும் ஒரு கைப்பிடி உரம் தூவி நீர் விட்டால் போதும்.

வெங்காயம், பூண்டு சேர்க்காத வீடுகளில் புதினாத் துவையலின் மணம் தனித்துத் தெரியும். உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம் வறுத்து, சிறிது புளியும் தேங்காயும் கூட்டி, இலையைக் கடைசியில் ஒரு வதக்கு மட்டும் வதக்கி அரைக்க வேண்டும். நெடுநேரம் வதக்கினால் மணம் அடுப்படியோடு போய்விடும். நம் நாட்டுப் புதினாவின் மணத்துக்குக் காரணம் கார்வோன் என்னும் எண்ணெய்ப் பொருள். தைலத்திலும் மிட்டாயிலும் நாவைக் குளிர்விக்கும் மென்தால் பெரும்பாலும் வேறோர் இனத்திலிருந்து, உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி வட்டாரத்து வயல்களில் பெருமளவில் விளைவதிலிருந்து கிடைக்கிறது. அதைத் துவையலுக்கு எண்ணி வாங்கிவந்து நடுவோர் ஏமாறுவர். கோடையில் நீர்மோர்ப் பந்தலுக்கு மோர் அளிக்கும் குடும்பங்கள் ஒரு பானைக்கு ஒரு பிடி புதினாவைக் கசக்கிச் சேர்ப்பதுண்டு. அகிலாண்டேஸ்வரியின் உச்சிக்காலப் பூசை கண்டு வெயிலில் திரும்புவோருக்கு அது அமிர்தம்.

ஓராண்டு ஆனதும் தொட்டி முழுதும் வேர் பின்னிக்கொள்ளும். நடுப்பகுதி வெறுமையாகி, கொடிகள் விளிம்போரம் சுற்றிச் சுற்றி வரும். நோய் வந்ததோ என்று அஞ்ச வேண்டியதில்லை. இடம் போதவில்லை என்பது பொருள். கோடை தணிந்து காவிரியில் புதுநீர் வரும் ஆடி மாதம் இதற்கு உகந்த காலம். செடியை மண்ணோடு கவிழ்த்தெடுத்து, முதிர்ந்த நடுவேரைக் கழித்து, விளிம்பில் உள்ள இளங்கொடிகளை இரண்டு மூன்று கணுக்கள் கொண்ட துண்டுகளாகப் பிரித்துப் புதுமண்ணில் கிடத்தி, மேலே ஒரு விரற்கடை மண் தூவ வேண்டும்.

ஒரு தொட்டியைப் பிரித்தால் நான்கைந்து தொட்டிக்குக் கொடி மிஞ்சும். பதினெட்டாம் பெருக்கன்று அம்மா மண்டபப் படித்துறைக்குச் சென்று திரும்பும் பெண்கள், அண்டை வீட்டாருக்கு மஞ்சள் குங்குமம் தரும்போது வேர்விட்ட புதினாக் கொடி ஒன்றையும் ஈரத்துணியில் சுற்றிக் கொடுக்கலாம். வாங்கிச் செல்பவரிடம் கிழக்குப் பக்கமா, மேற்குப் பக்கமா என்று வீட்டின் முகத்தை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். மேற்கு என்றால் ஒரு பழைய வேட்டியும் தேவைப்படும்.